எண்ணெய்ப் பக்கமா, தண்ணீர்ப் பக்கமா? நுண்தடங்களில் பங்கீட்டுக் குணகம் அளப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில், நுண்தடங்கள் எனப்படும், தலைமுடி அளவுக்கு மெல்லிய குழாய்களிலும் அதைவிடச் சற்றுப் பெரிய குழாய்களிலும் திரவத் துளிகளை ஓடவிட்டு, ஒரு வேதிப்பொருள் எண்ணெய்ப் பக்கம் எவ்வளவு சாய்கிறது, தண்ணீர்ப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து வருகிறோம். பார்க்க வரும் கல்லூரி மாணவர்களும், திருப்பூர், பெருந்துறைப் பக்கத்துச் சாய ஆலைகளின் ஆய்வகங்களில் வேலை செய்பவர்களும், ஈரோட்டில் மஞ்சளிலிருந்து சாறு பிரிக்கும் தொழிலில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு வேதியியல் நினைவில் இருந்தால் போதும்.

பங்கீட்டுக் குணகம் என்பது என்ன?

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீரும் அதன்மேல் ஒரு விரற்கடை தேங்காய் எண்ணெயும் ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். தூளின் பெரும்பகுதி அடியில் வண்டலாகப் படியும். தண்ணீர் கலங்கலாக இருக்குமே தவிர அதில் நிறம் கரைந்திருக்காது. மேலே நிற்கும் எண்ணெய் மட்டும் தெளிந்த பொன்னிறத்தில் மின்னும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரைவிட எண்ணெயை மிகவும் விரும்புகிறது என்பதையே இது காட்டுகிறது. அந்த விருப்பத்தை எண்ணாகச் சொன்னால் பங்கீட்டுக் குணகம்.

ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களுக்கிடையே ஒரு பொருள் பிரிந்து நின்று, இனி எந்தப் பக்கமும் நிகரமாக நகராத நிலையை அடைந்தபின், எண்ணெய்ப் பக்கத்துச் செறிவைத் தண்ணீர்ப் பக்கத்துச் செறிவால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். எவ்வளவு பொருளைப் போட்டாலும், செறிவு குறைவாக இருக்கும்வரை, இந்த விகிதம் மாறுவதில்லை. பெர்த்தலோவும் யூங்ஃப்ளைஷும் 1872-இல் இதைக் கண்டார்கள். நெர்ன்ஸ்ட் 1891-இல் இதை விதியாக வகுத்தார். எண்ணின் வீச்சு பெரிது என்பதால் அதன் மடக்கையையே பேசுவது வழக்கம். அதற்கு லாக் பி என்று பெயர். லாக் பி 0 என்றால் இரு பக்கமும் சமம், 3 என்றால் எண்ணெய்ப் பக்கம் ஆயிரம் மடங்கு, −1 என்றால் தண்ணீர்ப் பக்கம் பத்து மடங்கு. காபியில் உள்ள கஃபீனின் மதிப்பு ஏறத்தாழ −0.07, அதாவது கிட்டத்தட்ட நடுநிலை. பாராசிட்டமாலுக்கு 0.46, அனிலினுக்கு 0.90, பென்சீனுக்கு 2.13. குர்குமினுக்கு 3-ஐ ஒட்டிய மதிப்பு.

அளக்கும்போது எண்ணெய்க்குப் பதிலாக ஏன் ஆக்டனால் என்ற ஆல்கஹால்? நம் ஊர்த் தேங்காய் எண்ணெய் போதாதா?

மயக்க மருந்துகளின் வலிமைக்கும் அவை எண்ணெயில் கரையும் அளவுக்கும் தொடர்பு உண்டு என்பதை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேயரும் ஓவர்டனும் தனித்தனியே காட்டியபோது அவர்கள் பயன்படுத்தியது ஆலிவ் எண்ணெய்தான். ஆனால் எந்த எண்ணெயும் ஒரே பொருள் அல்ல. பல கொழுப்புகளின் கலவை. காங்கேயத்துச் செக்கு எண்ணெயும் பொள்ளாச்சியில் ஆலையில் ஆட்டிய எண்ணெயும் ஒன்றுபோல் இரா, ஒரே செக்கிலேயே இந்த மாதத்து எண்ணெயும் அடுத்த மாதத்து எண்ணெயும் ஒன்றுபோல் இரா. அளவீடு என்றால் உலகில் எவர் செய்தாலும் ஒரே எண் வர வேண்டும் என்பதால், தூய நிலையில் எங்கும் கிடைக்கும் 1-ஆக்டனாலைக் கொண்டு ஹான்ஷும் ஃபுஜிதாவும் 1960-களில் தங்கள் ஆய்வுகளைச் செய்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட நீண்ட வாலும், தண்ணீரோடு பிணைப்புக் கொள்ளும் தலையும் அதற்கு இருப்பதால், உயிரணுச் சவ்வின் கொழுப்பை ஓரளவு ஒத்திருக்கிறது என்பது கூடுதல் வசதி.

இந்த ஓர் எண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

வாயில் போடும் மாத்திரை குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேருமா என்று மருந்துத் துறையினர் கணிக்கும்போது முதலில் பார்ப்பவற்றுள் இது ஒன்று. 1997-இல் லிப்பின்ஸ்கி முன்வைத்த விதிகளில் லாக் பி 5-ஐத் தாண்டக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. சுற்றுச்சூழல் பக்கம் இதே 5 வேறொரு முகம் காட்டுகிறது. நீடித்து நிற்கும் கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், ஒரு பொருள் உயிரினங்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் என்பதற்குரிய அடையாளங்களில் ஒன்றாக லாக் பி 5-க்கு மேல் இருப்பது சொல்லப்பட்டிருக்கிறது.

நம் பக்கத்துக்கு இது தொலைவான செய்தியல்ல. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில், ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 சனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். சாயக்கழிவில் உள்ள உப்பு தண்ணீரோடு போகிறது. அதைத் தண்ணீரில் தேட வேண்டும். லாக் பி மிகுந்த பொருள் தண்ணீரில் நிற்பதில்லை, சேற்றிலும் மீனின் கொழுப்பிலும் போய் ஒதுங்குகிறது. அதைத் தண்ணீர் மாதிரியில் தேடிவிட்டு இல்லை என்று எழுதுவது தவறான இடத்தில் தேடியதன் விளைவாகவே இருக்கலாம்.

இன்னோர் உதாரணம், ஏற்றுமதியாளர்கள் காசு கொடுத்துச் செய்யும் அசோ சோதனை. துணியிலுள்ள சாயத்தை உடைத்து, அதிலிருந்து தடைசெய்யப்பட்ட அரோமாட்டிக் அமைன்கள் வருகின்றனவா என்று பார்ப்பது அது. ஐரோப்பிய வரம்பு ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம். உடைத்தபின் அமைன்களைத் தண்ணீரிலிருந்து ஈதர் வகைக் கரைப்பானுக்கு இழுக்கிறார்கள். அந்த இழுப்பு முழுக்க முழுக்கப் பங்கீடுதான்.

சாயப்பட்டறையில் இருப்பவருக்கு இது புதிய செய்தியா?

பெயர்தான் புதிது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த டையிங் மாஸ்டர் ஒருவர், குழாயில் துளிகள் ஓடுவதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சாயம் துணிக்குப் போகோணுமுங்க, தண்ணியில நின்னா நம்ம காசு தண்ணியில நிக்கிற மாதிரி” என்றார். அவர் சொன்னது தண்ணீருக்கும் துணிக்கும் இடையே நிகழும் பங்கீட்டை. லிக்கர் ரேஷியோ என்று அவர்கள் சொல்வது, அதாவது ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது, எங்கள் கணக்கில் இரு திரவங்களின் கனஅளவு விகிதத்துக்கு நேர். ஒன்றுக்கு ஆறில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தைவிட ஒன்றுக்கு இருபதில் ஓடும் பழைய வின்ச்சில் அதே சாயம் தண்ணீரில் அதிகம் மீந்துபோவதேன் என்பது, குணகம் மாறாமல் கனஅளவு மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்ற கேள்வியே. இதை நன்கு அறிந்தவருக்கு, கீழே வரும் கணக்குகளில் சிரமம் இராது.

குடுவையில் ஊற்றிக் குலுக்கி அளக்கும் பழைய முறையில் என்ன குறை?

அடிப்படையில் குறை ஏதுமில்லை. இன்றும் அதுவே உரைகல். ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 107-ஆம் வழிகாட்டி அந்த முறையைத்தான் விவரிக்கிறது. பிரச்சினை நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் பல மில்லிலிட்டர் வேண்டும். குலுக்கி, பிரியவிட்டு, மைய விலக்கியில் சுழற்றி, இரு பக்கமும் எடுத்து அளப்பதற்குள் பாதி நாள் போய்விடும். புதிதாகத் தயாரித்த பொருள் ஐந்து மில்லிகிராம்தான் கையில் இருக்கிறது என்றால் ஒருமுறைக்கு மேல் செய்ய இயலாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, வேகமாகக் குலுக்கும்போது தண்ணீரில் சிதறிப்போகும் ஆக்டனால் நுண்துளிகள். லாக் பி 6 உள்ள ஒரு பொருளை எண்ணிப் பாருங்கள். ஆக்டனாலில் அதன் செறிவு தண்ணீரில் உள்ளதைப்போல் பத்து இலட்சம் மடங்கு. அளப்பதற்காக எடுத்த 10 மில்லிலிட்டர் தண்ணீரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஆக்டனால் தங்கிவிட்டால், அது 0.01 மைக்ரோலிட்டர், ஒரே துளியாகத் திரட்டினால் கால் மில்லிமீட்டர் விட்டம், கடுகைவிடப் பல மடங்கு சிறியது. அந்த ஒரு துளியே தண்ணீரில் உண்மையாகக் கரைந்திருக்கும் பொருளுக்குச் சமமான அளவைத் தன்னுள் வைத்திருப்பதால், தண்ணீர்ப் பக்கத்து அளவு இரட்டிப்பாகி, குணகம் பாதியாகிவிடும். இதனால்தான் குலுக்கும் முறையை லாக் பி 4 வரைக்கும் வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு மெல்லக் கலக்கும் வேறொரு முறையை 123-ஆம் வழிகாட்டியில் தந்திருக்கிறார்கள்.

நுண்தடம் எதை மாற்றுகிறது?

காத்திருக்கும் நேரத்தையும் செலவாகும் அளவையும் மாற்றுகிறது, குணகத்தை மாற்றுவதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நுண்தடத்தில் அளந்தால் எண்ணே துல்லியமாகிவிடும் என்ற நம்பிக்கையோடு பலர் வருகிறார்கள்.

தண்ணீரில் கரைந்த சிறிய மூலக்கூறு தானாகப் பரவும் வேகம் மிகக் குறைவு. தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஒரு சென்டிமீட்டரைப் பரவலால் மட்டுமே கடக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும் என்றால், 100 மைக்ரோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து நொடி போதும். குடுவையில் நாம் குலுக்குவது இந்தத் தூரத்தைக் குறைப்பதற்காகவே. நுண்தடத்தில் தூரம் தொடக்கத்திலேயே குறைவு என்பதால் குலுக்கத் தேவையில்லை. குலுக்காததால் மேலே சொன்ன நுண்துளித் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. ஆக்டனால் தண்ணீரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு பிசுபிசுப்பானது, அதற்குள் பரவல் இன்னும் மெதுவாக நடக்கும் என்பதைக் கணக்கிட மறக்கக்கூடாது.

இந்தத் துறை 1990-இல் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு முழு ஆய்வகத்தையே சில்லுக்குள் அடக்கலாம் என்று முன்வைத்ததிலிருந்து வேகம் பிடித்தது. இரு திரவங்களைக் கண்ணாடித் தடத்தில் அருகருகே ஓடவிட்டுப் பிரித்தெடுக்கும் வேலையில் டோக்கியோவில் கிட்டமோரியின் குழு முன்னோடி.

துளிக்குள் என்னதான் நடக்கிறது?

டி வடிவச் சந்திப்பில் ஒரு பக்கத்திலிருந்து ஆக்டனாலும் மறுபக்கத்திலிருந்து தண்ணீரும் வந்து சேரும்போது, தண்ணீர் நீண்டு, இடுப்பு மெலிந்து, அறுபட்டு, ஒரே அளவான துளிகளாக வரிசையில் போகும். டெஃப்லான் குழாயின் சுவரை ஆக்டனால் நனைக்கும், தண்ணீர் நனைக்காது. ஆகவே தண்ணீர்த் துளியைச் சுற்றி மெல்லிய ஆக்டனால் படலம் எப்போதும் இருக்கும். துளி நகரும்போது அதன் ஓரம் பின்னுக்கு இழுபட்டு நடுப்பகுதி முன்னுக்குப் போவதால் உள்ளே இரண்டு சுழல்கள் உருவாகின்றன. கொதிக்கும் அரிசி உலையில் பருக்கைகள் நடுவில் எழுந்து ஓரத்தில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுழற்சி எளிதில் புரியும். இந்தச் சுழலால் துளியின் நடுவில் உள்ள மூலக்கூறும் விரைவில் விளிம்புக்கு வந்து சேர்கிறது. குழாயை வளைத்து நெளித்து வைத்தால் சுழல்கள் ஒரு வளைவுக்கு ஒருமுறை இடம் மாறி இன்னும் நன்றாகக் கலக்கும். காளிங்கராயன் வாய்க்காலைப் போல நெளிந்த தடங்களைச் சில்லுகளில் வரைவதற்கு இதுவே காரணம்.

விலையுயர்ந்த சில்லு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. உள்விட்டம் அரை மில்லிமீட்டர் உள்ள டெஃப்லான் குழாய் இரண்டு மீட்டர், அதே பொருளாலான ஒரு டி இணைப்பு, இரண்டு சிரிஞ்ச் பம்புகள், ஒரு புறஊதா நிறமாலைமானி இருந்தால் தொடங்கிவிடலாம். நிறமாலைமானி பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கிறது. பம்பு ஒன்றே செலவுக்குரியது. பீளமேடு, கணபதிப் பக்கத்துப் பட்டறைகளில் பம்பு உதிரிகளுக்கு மைக்ரான் கணக்கில் கடைசல் செய்பவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்தால் டெஃப்லான் கட்டியிலேயே டி இணைப்பைத் துளைத்துத் தருவார்கள். அக்ரிலிக் தகட்டில் தடம் வெட்டித் தருவதும் அவர்களுக்கு எளிது. ஆனால் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் விழும் என்பதால், நிறத்தண்ணீரை ஓட்டி மாணவர்களுக்குக் காட்டுவதோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

எல்லோரும் பயன்படுத்தும் சிலிகோன் ரப்பர்ச் சில்லு, அதாவது பிடிஎம்எஸ், இதற்கு ஆகுமா?

ஆகாது. உயிரியல் ஆய்வுகளில் அது அருமையான பொருள். ஒயிட்சைட்ஸ் குழுவினர் 1998-இல் அதை விரைவாக வார்த்தெடுக்கும் வழியைக் காட்டிய பிறகுதான் இந்தத் துறை பரவியது. ஆனால் ஹெக்சேன், டொலுவீன் போன்றவை பட்டால் அது நீளவாக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உப்பிவிடும். ஆக்டனாலில் அந்த அளவுக்கு உப்பாது என்றாலும், எண்ணெயை விரும்பும் எந்தப் பொருளையும் அது தானே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு திரவங்களுக்கிடையே பங்கீடு அளக்கப் போய் மூன்றாவதாக ஒரு பங்காளியைக் கூட்டிவந்த கதையாகிவிடும்.

இது புத்தகத்தில் படித்துச் சொல்வதல்ல. தொடக்க நாட்களில் பம்புக்கும் டி இணைப்புக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் சிலிகோன் குழாயைச் சொருகியிருந்தோம். அவ்வளவு சிறிய துண்டு என்ன செய்துவிடும் என்ற எண்ணம். பாலியெஸ்டருக்குப் போடும் ஒரு டிஸ்பர்ஸ் சாயத்தை ஓட்டினோம். தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் அளந்து, குறைந்ததெல்லாம் ஆக்டனாலுக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டதால், குணகம் ஒவ்வொரு நாளும் ஒரு மதிப்பாக, எப்போதும் கூடுதலாகவே வந்தது. பம்பையும் நிறமாலைமானியையும் மாறி மாறிச் சந்தேகித்து ஒரு மாதத்தைப் போக்கினோம். கடைசியில் அந்தத் துண்டைக் கழற்றி வெள்ளைத் தாளின்மேல் வைத்தபோது, அது முழுவதும் இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது. ஆக்டனாலில் போட்டதும் நிறம் மெல்ல வெளியே வந்தது. அன்றிலிருந்து இரு பக்கங்களையும் அளந்து, கூட்டுத்தொகை போட்டதற்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.

ஓர் அளவீட்டை முழுவதுமாக விளக்க முடியுமா?

பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: ஆக்டனாலையும் தண்ணீரையும் முதல் நாளே ஒன்றாக வைத்து ஒன்றையொன்று நிறைவுறச் செய்துகொள்ள வேண்டும். ஆக்டனால் தன் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு தண்ணீரை உள்வாங்கும். இதைச் செய்யாமல் உலர்ந்த ஆக்டனாலை ஓட்டினால் குழாயில் போகும் தண்ணீர்த் துளிகள் வழியிலேயே சுருங்கி, கனஅளவுக் கணக்கெல்லாம் பிசகிவிடும்.

நிறைவுற்ற தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் பாராசிட்டமாலைக் கரைத்து ஒரு சிரிஞ்சிலும், நிறைவுற்ற ஆக்டனாலை மற்றொன்றிலும் ஏற்றி, இரண்டையும் நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் வீதம் தள்ளுகிறோம். அரை மில்லிமீட்டர்க் குழாயில் இது நொடிக்கு ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர் வேகம். இரண்டு மீட்டரைக் கடக்கப் பத்து நிமிடம். குழாயின் முனையில் கூம்பிய சிறு குப்பியில் பிடித்தால் தண்ணீர் கீழேயும் ஆக்டனால் மேலேயும் பிரியும். தண்ணீரை நுண்கனஅளவுக் குவெட்டில், அதாவது நிறமாலைமானியில் வைக்கும் சிறு பாத்திரத்தில், ஊற்றி, 243 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வைப் பார்க்கிறோம்.

லிட்டருக்கு 13 மில்லிகிராம் மீந்திருந்தால், ஆக்டனாலுக்குப் போனது 37, விகிதம் 2.85, லாக் பி 0.45. இத்துடன் நின்றால் அது ஓர் எண்தான், அளவீடு அல்ல. ஆக்டனால் வேகத்தை இருமடங்காக்கி ஒருமுறையும் பாதியாக்கி ஒருமுறையும் ஓட்டுங்கள்; தண்ணீரில் மீதி முறையே 7.5, 20.6 என்ற அளவை ஒட்டி வர வேண்டும், குணகம் மட்டும் நகரக்கூடாது. நகர்ந்தால் பம்பு பொய் சொல்கிறது, அல்லது சுவர் உறிஞ்சுகிறது. அதேபோல் இரண்டு மீட்டர்க் குழாயில் கிடைத்த எண்ணும் ஒரு மீட்டர்க் குழாயில் கிடைத்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் சமநிலை வந்துவிட்டது என்று கொள்ளலாம். பம்பின் திரையில் தெரியும் வேகத்தை நம்பாமல், பத்து நிமிடம் பிடித்த திரவத்தைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது மலிவான காப்பீடு.

துளிகளைப் பிரிக்காமல் குழாயிலேயே அளக்க முடியாதா?

முடியும். ஆனால் ஒளி கடக்கும் தூரம் குவெட்டில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 100 மைக்ரோமீட்டர்த் தடத்தில் அதன் நூற்றில் ஒரு பங்கு. உட்கவர்வும் நூற்றில் ஒரு பங்காகிவிடும். தானே ஒளிரும் பொருள்களுக்கு இது தடையல்ல. மற்றவற்றுக்கு, டெஃப்லான் சவ்வு வழியே ஆக்டனாலை மட்டும் கசியவிட்டுத் தண்ணீரைத் தனியே அனுப்பும் பிரிப்பான்கள் உண்டு. எம்ஐடியில் யென்சனின் குழு இவற்றை நன்கு வளர்த்தெடுத்தது.

லாக் பி மிகவும் பெரியதாக இருந்தால்?

கனஅளவு விகிதத்தை மாற்றுங்கள். குணகம் ஆயிரமாக உள்ள பொருளைச் சம அளவில் ஓட்டினால் தண்ணீரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மீதி; அளக்கும் கருவிக்கு அது எட்டாது. நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆக்டனால் என்று வைத்தால், தண்ணீரில் 9 விழுக்காடு மீந்திருக்கும். டையிங் மாஸ்டரின் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் இது: அவர் தண்ணீரில் மீதி இல்லாமல் பார்க்கிறார், நாம் மீதியை வேண்டுமென்றே விடுகிறோம். லாக் பி 5-க்கு மேல் போனால், எங்கள் அனுபவத்தில், இந்த முறையை விட்டுவிட்டு மெல்லக் கலக்கும் முறைக்குப் போவதே நேர்மை. சுவரில் ஒட்டும் இழப்பு அதற்குமேல் எல்லாக் கணக்கையும் தின்றுவிடும்.

பி.எச். மாறினால் எண் மாறுமா?

மின்னூட்டம் பெறக்கூடிய பொருளானால் தலைகீழாகவே மாறும். ஆலாத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் செக்கச் சிவக்கிறது அல்லவா? காரத்தில் குர்குமின் ஒரு புரோட்டானை இழந்து மின்னூட்டம் பெறுகிறது; நிறமும் மாறுகிறது, தண்ணீர்மேல் இருந்த வெறுப்பும் குறைகிறது. மின்னூட்டம் பெற்றதும் பெறாததும் சேர்ந்த மொத்தத்தின் பங்கீட்டுக்கு லாக் டி என்று பெயர்.

பென்சாயிக் அமிலத்தின் லாக் பி 1.87, அதன் பி.கே.ஏ., அதாவது பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றிருக்கும் பி.எச்., 4.20. பி.எச். 7.2 ஆனால் அதன் லாக் டி சரியாக மூன்று குறைந்து −1.13 ஆகிவிடும், எண்ணெய்ப் பக்கம் இருந்த பொருள் தண்ணீர்ப் பக்கம் வந்துவிட்டது. அமைன்களுக்கு இது எதிர்த்திசையில் நடக்கும். அமைன்களில் ஒன்றான அனிலின் புரோட்டானை ஏற்று உருவாகும் இணை அமிலத்துக்கு பி.கே.ஏ. 4.6, அசோ சோதனையில் பயன்படும் பி.எச். 6 தாங்கலில் (பி.எச்.-ஐ மாறாமல் வைக்கும் கரைசலில்) அதில் 4 விழுக்காடுதான் மின்னூட்டம் பெற்றிருக்கும், மற்றதெல்லாம் ஈதருக்குத் தாராளமாகப் போகும். அதே மாதிரியை பி.எச். 2-இல் வைத்துப் பிரித்தால் 400-இல் ஒரு பங்கே மின்னூட்டமின்றி இருக்கும். தாங்கல் கரைசலைச் சரியாகத் தயாரிக்காத ஆய்வகத்தின் அறிக்கையில் துணி சுத்தமாகத் தெரிவது இப்படித்தான்.

சீக்கிரம் சிதைந்துபோகும் பொருளை அளக்க முடியுமா?

நுண்தடத்துக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் என்பது எங்கள் எண்ணம். குர்குமினை பி.எச். 7.2 உள்ள பாஸ்பேட் தாங்கலில், 37 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். இதைக் குடுவையில் மணிக்கணக்கில் குலுக்கினால் கடைசியில் நாம் அளப்பது குர்குமினை அல்ல, அதன் சிதைவுப் பொருள்களை. மெல்லிய தடத்தில் ஒரு நிமிடத்துக்குள் சமநிலையை அடையச்செய்து உடனே அளந்துவிடலாம். மஞ்சளை மருந்தாக்கும் முயற்சிகள் ஏன் இவ்வளவு தடுமாறுகின்றன என்று ஈரோட்டு நண்பர்கள் கேட்பதுண்டு. தண்ணீரில் கரையாமையும், கரைந்த சிறிதளவும் நிலைக்காமையும் சேர்ந்த இரட்டைச் சிக்கல் அது.

கோடையில் ஆய்வகம் 34 டிகிரிக்குப் போகிறது. பாதகமா?

குணகம் ஒரு டிகிரிக்கு நூற்றில் ஒரு மடக்கை அலகு என்ற அளவில்தான் பொதுவாக நகரும். ஆனால் ஓஇசிடி வழிகாட்டி 20 முதல் 25 டிகிரிக்குள், ஒரு டிகிரிக்கு மேல் ஆடாமல் வைக்கச் சொல்கிறது. குழாய்ச் சுருளை ஒரு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினால் முடிந்தது.

இந்த எண்ணை ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்குமா?

வழிகாட்டிகள் 107, 117, 123 ஆகியவை முறையே குலுக்கும் முறை, நீர்மக் குரோமட்டோகிராஃபி முறை, மெல்லக் கலக்கும் முறை. நுண்தட முறை இவற்றில் இல்லை. ஆகவே நூறு பொருள்களில் எந்தப் பத்தைத் தொடரலாம் என்று சலிக்க இதைப் பயன்படுத்துங்கள்; பதிவுக்கு அனுப்பும் எண்ணைக் குடுவையில் அளந்து கொடுங்கள். குலுக்கும் முறையிலேயே மூன்று கனஅளவு விகிதங்களில் இரண்டிரண்டாக ஆறு அளவுகள் எடுத்து, எல்லாம் 0.3 அலகுக்குள் அடங்கினால் போதும் என்கிறார்கள். மூன்றாவது தசமத்துக்காகச் சண்டை போடும் மாணவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களை அளந்து தர முடியுமா?

திருப்பூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. ரியாக்டிவ் சாய மூலக்கூறில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் எந்த பி.எச்.-இலும் அது மின்னூட்டத்தோடு தண்ணீரிலேயே நிற்கும். ஆக்டனால் பக்கம் அளக்கும்படி எதுவும் வராது. துணியில் அது ஏறுவதும் கரைவதால் அல்ல, இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதால். உப்பைக் கொட்டி அதைத் தண்ணீரிலிருந்து இழைப் பக்கம் விரட்டுவதும் பங்கீடுதான் என்றாலும், அதை ஆக்டனால் எண் சொல்லாது. டிஸ்பர்ஸ் சாயங்களையும், அசோ அமைன்களையும், துணை வேதிப்பொருள்களில் மின்னூட்டமற்றவற்றையும் கொண்டுவாருங்கள்.

மீந்த ஆக்டனாலை என்ன செய்வது?

கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, வடிகாலின் நுண்ணுயிர்களைக் கெடுக்கும். அதன் கொழுப்பு நெடியும் இரண்டு நாட்களுக்கு அறையைவிட்டுப் போகாது. தனிப் புட்டியில் சேர்த்து, எந்தெந்தப் பொருள் கலந்தது என்று எழுதி ஒட்டி, உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுக்கிறோம். நாள் முழுவதும் ஓட்டினாலும் சேர்வது பத்து மில்லிலிட்டர். எங்கள் அலமாரியில் உள்ள அரை லிட்டர்ப் புட்டி நிரம்ப ஏழெட்டு வாரங்கள் ஆகின்றன.